‘அகதி’ என்றொரு ஆட்சேபனை

போன மாதம் மங்கலம்பேட்டை ஷாகிரா வக்கீலின் ஆபீஸுக்குப் போயிருந்தேன். அவரிடம் புதிதாக ஜூனியராகச் சேர்ந்திருக்கும் பெண் செல்போனை என் பக்கம் திருப்பி, “ஆன்ட்டி, எலக்‌ஷன்ல நிக்கிற ஒருத்தரு எந்த நாட்டுக் குடிமகன்னு ஆன்லைன்ல பார்க்க ஏதாவது சைட்டு இருக்குதா?” என்று கேட்டாள்.

இல்லை என்றேன்.

“அப்ப நீங்கல்லாம் எப்படிப் பார்த்தீங்க?”

நான் பதில் சொல்ல ஆரம்பித்ததும் ஷாகிரா குறுக்கிட்டார். “வாயால சொன்னா பத்தாதும்மா. எழுதிக் குடுங்க. அதனால உங்களுக்கு என்ன ஆச்சுன்னும் சேர்த்து எழுதுங்க.”

அதனால் எழுதுகிறேன். என் பெயர் வசந்தா. முப்பத்தெட்டு வருடம் விருத்தாசலத்தில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவள்.

அப்பா ரயில்வே ஜங்ஷனில் பாயிண்ட்ஸ்மேன். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணிய கையோடு நடேசன் சாரிடம் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்தேன். மூன்றாவது வருடம் அங்கிருந்த குமாஸ்தா உடம்பு முடியாமல் நின்றுவிட, கேஸ் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்கும் ரிஜிஸ்டர் ஆபீஸுக்கும் தாலுகா ஆபீஸுக்கும் ஓடுகிற வேலை என் தலையில் விழுந்தது. அந்தக் காலத்தில் இந்த வேலையில் பெண்கள் கிடையாது. “பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இந்த அலைச்சல்?” என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு நேரம் இருக்கவில்லை.

நடேசன் சார் சத்தம் போடுகிற ஆள் இல்லை. நான் ஒரு நகல் வாங்கிக்கொண்டு வந்து நின்றால், “கிடைச்சுதா?” என்று கேட்கவே மாட்டார். “எங்க பார்த்தே? யாரு எடுத்துக் குடுத்தாங்க? எத்தனை பக்கம்?” என்பார். எல்லாம் கேட்டுவிட்டு, காகிதத்தை வாங்கி மேசைமேல் குப்புறக் கவிழ்த்து வைப்பார். பிறகு கண்ணாடிக்கு மேலே பார்த்து, “சரி, இந்தப் பேப்பரு என்ன சொல்லலை?” என்று கேட்பார். அதில் எழுதியிருப்பதை யார் வேண்டுமானாலும் படித்துவிடலாம், எழுதாததைப் பார்க்கத்தான் எனக்குச் சம்பளம் என்பது அவர் வாதம். அதற்குப் பதில் தேடி நான் திரும்பவும் ரிஜிஸ்டர் ஆபீஸுக்கு நடந்த நாட்கள் ஏராளம்.

அந்தக் கேள்வியின் அருமை எனக்குப் புரிந்தது ஒரு குவைத் கேஸில். மங்கலம்பேட்டைக்காரர் ஒருவர், தன் மனையை அண்ணன் கள்ளக் கையெழுத்துப் போட்டு விற்றுவிட்டதாக வந்தார். பத்திரம் எழுதிய அன்று தான் குவைத்தில் இருந்ததாகச் சொல்லி, பாஸ்போர்ட்டையும் கொடுத்தார். நான் முத்திரை குத்தியிருந்த பக்கங்களை நகல் எடுத்துத் தேதிவாரியாக அடுக்கி, “அவரு சொன்னது நெஜம்தான் சார். அன்னைக்கு அவரு ஊருலயே இல்ல” என்றேன்.

சார் நகல்களைக் கவிழ்த்தார். “எந்தப் பக்கத்தையெல்லாம் நகல் எடுக்கல?”

காலியாக இருந்ததாக நினைத்து நான் நகல் எடுக்காமல் விட்ட கடைசிப் பக்கங்களை உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டினேன். கடைசிக்கு முந்தின பக்கத்தில் மூலையில், மை மங்கி, இரண்டு முத்திரைகள். தங்கை கல்யாணத்துக்குப் பத்து நாள் லீவில் வந்து போயிருக்கிறார். பத்திரத் தேதி அந்தப் பத்து நாளுக்குள் விழுந்தது. ஆளைக் கூப்பிட்டுக் காட்டியதும் தலையைக் குனிந்துகொண்டார். கையெழுத்து அவருடையதுதான். அண்ணனோடு பின்னால் வந்த சண்டையில் கிளம்பிய கேஸ் அது. அன்றிலிருந்து நான் எந்த ஆவணத்தையும் கடைசி அட்டைவரை பார்க்காமல் கீழே வைத்ததில்லை.

இனி அந்த நகராட்சித் தேர்தலுக்கு வருகிறேன். நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்கள் முன்னால் நடந்தது.

வேலாயுதம் என்று ஒருவர், எங்கள் ஆபீஸில் வழக்கு நடத்திய பழைய கட்சிக்காரர். லாரி வைத்திருந்தவர், ஏற்கெனவே கவுன்சிலராக இருந்தவர். மறுபடியும் அதே வார்டில் நிற்கப்போகிறார். அவரை எதிர்த்து செல்வராணி என்ற பெண் நிற்பதாக வார்டு முழுக்கப் பேச்சு. செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு பொம்மை யூனிட்டில் அச்சில் களிமண் கூழ் ஊற்றுகிற வேலை அவருக்கு. தெருவுக்குத் தண்ணீர் வராததற்காகக் குடத்தோடு நகராட்சி வாசலில் உட்கார்ந்து பெயர் வாங்கியவர்.

வேலாயுதம் மேசைமேல் ஒரு ஜெராக்ஸை வைத்தார். செல்வராணியின் பள்ளி மாற்றுச் சான்றிதழ், ‘ராணி’ என்ற பெயரில். பிறந்த ஊர் என்ற இடத்தில் நுவரெலியா என்றும், நாடு என்ற இடத்தில் ‘சிலோன்’ என்றும் இருந்தது.

“அகதிங்க சார் அது. ஊருக்கே தெரியும். மனு பரிசீலனை அன்னைக்கு ஒரே போடு, தள்ளுபடி ஆயிடணும்.”

“இது உங்க கைக்கு எப்படி வந்துச்சு?” என்று சார் கேட்டார்.

“தெரிஞ்சவங்க குடுத்தாங்க.”

“அப்ப அத எடுத்துப் பையில வச்சுக்குங்க. யாரு கேட்டாலும் குடுக்கிற ஆவணத்த மட்டும்தான் நாங்க பார்ப்போம். அவங்க இந்தியக் குடிமகள் இல்லன்னு வந்தா நானே வந்து வாதாடறேன். குடிமகள்தான்னு வந்துட்டா நீங்க பேசாம ஓட்டுக் கேட்கப் போயிடணும். சம்மதமா?”

வேலாயுதம் சிரித்துக்கொண்டே சம்மதம் என்றார். அவருக்குச் சந்தேகமே இல்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் இல்லை. பரிசீலனைக்கு எட்டு நாள் இருந்தது.

முதல் நாள் வாக்காளர் பட்டியல். கிடைத்த பழைய பட்டியல்களையெல்லாம் பார்த்தேன். பதினெட்டு வயது முடிந்த காலத்திலிருந்து அவர் பெயர் ஒரே வீட்டு எண்ணில் இருந்தது. ஆனால் பெயர் பட்டியலில் இருப்பதால் மட்டும் குடியுரிமை நிரூபணம் ஆகிவிடாது. வீட்டு எண்ணை வைத்து நகராட்சி வரிப் பதிவேட்டில் சர்வே எண்ணைப் பிடித்தேன். சர்வே எண்ணை வைத்து சார்பதிவாளர் ஆபீஸில் வில்லங்கச் சான்று போட்டேன். அந்த மனைமீது ஒரே ஒரு பதிவு. அப்பா ராமையா, மகள் செல்வராணிக்கு எழுதிக் கொடுத்த தான செட்டில்மெண்ட் பத்திரம். பதிவான பத்திரத்துக்கு யார் வேண்டுமானாலும் நகல் கேட்கலாம். மனு எழுதி, ஸ்டாம்பு ஒட்டிக் கொடுத்தேன். மறுநாள் மாலை நகல் கைக்கு வந்தது.

ரிஜிஸ்டர் ஆபீஸ் வேப்பமரத்தடியிலேயே நின்று படித்தேன். சொத்து எப்படி வந்தது என்று சொல்லும் மூன்றாம் பக்கத்தில், ‘நான் இந்தியக் கடவுச்சீட்டின் பேரில் என் மனைவி, மகளுடன் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி, அரசு எனக்கு ஒப்படை செய்த மனை’ என்று இருந்தது. பக்கத்திலேயே தாலுகா ஆபீஸ் கோப்பு எண்.

அந்த வரியை இன்னொரு தடவை படித்தேன். அகதி வேறு, தாயகம் திரும்பியவர் வேறு. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்தவர்களை இரண்டு நாடுகளும் ஒப்பந்தம் போட்டுப் பிரித்துக்கொண்டபோது, இந்தியாவுக்கு என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு இந்தியக் குடியுரிமை கொடுத்து, இந்திய பாஸ்போர்ட்டையும் கையில் கொடுத்துத்தான் கப்பல் ஏற்றினார்கள். இதை நான் எப்போதோ படித்திருந்தேன். நம் ஊர் செராமிக் பேட்டைக்குப் பின்னால் அப்படி ஒரு குடும்பம் இருக்கும் என்று யோசித்ததில்லை.

சார் நகலைக் கவிழ்த்தார். “என்ன சொல்லலை?”

“இது அவங்க அப்பா தானே சொல்லிக்கிட்டது சார். அரசாங்கம் சொல்லல.”

“போய்ட்டு வா.”

தாலுகா ஆபீஸ் பதிவறையில் அந்தக் கோப்பை எடுக்க ஒன்றரை நாள் ஆனது. கட்டு கட்டாகத் தூசி தட்டி இறக்கினோம். கடைசியில் கிடைத்தது. உள்ளே, கப்பலில் தாயகம் திரும்பியவர்களுக்கு மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டையின் நகல், அதிகாரி சான்றொப்பத்தோடு. ராமையா, பாஸ்போர்ட் எண். மனைவி பார்வதி. மகள் செல்வராணி, வயது நான்கு. தந்தையின் பாஸ்போர்ட்டில் சேர்க்கப்பட்டவர். கீழே பார்வதியின் கைநாட்டு. ரேகைகூடக் கலையாமல் இருந்தது. கடைசி அட்டைவரை புரட்டினேன். இதற்கு எதிராக ஒரு வரியும் இல்லை. நகலுக்கு மனு கொடுத்து, ஐந்தாம் நாள் வாங்கிக்கொண்டேன்.

அன்றைக்கே வேலாயுதம் வந்தார். சார் காகிதங்களை வரிசையாக வைத்து விளக்கினார். “அவங்க இந்தியக் குடிமகள்தான். ஸ்கூல்ல பிறந்த ஊரப் பார்த்து யாரோ நாட்ட மாத்தி எழுதியிருக்காங்க. ஆட்சேபனைக்கு இடமே இல்ல.”

வேலாயுதம் நகல்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். பிறகு, “இதெல்லாம் நம்ம கையிலதான இருக்குது? அவகிட்ட இல்லியே?” என்றார்.

“அதனால?”

“பாஸ்போர்ட்டு, குடும்ப அட்டை எல்லாம் புயலுல கூரையோட போயிடுச்சாம். விசாரிச்சிட்டேன். நான் சர்டிபிகேட்ட வைக்கிறேன். அவகிட்ட இருந்தா அவ காட்டட்டும். இல்லாட்டி வூட்டுக்குப் போவட்டும்.”

“நான் வர மாட்டேன்.”

“வேற வக்கீலுக்கா பஞ்சம்?” என்று எழுந்தார். நகல்கள் எல்லாம் அவருக்காக வாங்கியவை. கேட்டார், கொடுத்துவிட்டோம். கொடுக்காமல் இருக்க எங்களுக்கு உரிமை இல்லை.

அவர் போனபின் சார் என்னிடம் ஒன்று சொன்னார். “வசந்தா, கட்சிக்காரருக்காக நாம பார்த்தத வெளியில சொல்லக் கூடாது. அவரு நம்மள விட்டுட்டுப் போனாலும் சொல்லக் கூடாது. எனக்கு என்ன சட்டமோ அதேதான் என் குமாஸ்தாவுக்கும்.”

“தெரியும் சார்” என்றேன். தெரியும். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

ஆறாம் நாள் காலை செல்வராணியே எங்கள் ஆபீஸ் படியேறி வந்தார். யூனிட்டிலிருந்து நேரே வந்திருக்க வேண்டும். முழங்கைவரை வெள்ளைக் களிமண் காய்ந்து வெடித்திருந்தது. வாட்ஸப்பில் தன் போட்டோவைப் போட்டு ‘அகதிக்கு ஓட்டா?’ என்று சுற்றுவதைக் காட்டினார். மனு தாக்கல் செய்தாயிற்று. பரிசீலனையில் தள்ளிவிடுவார்கள் என்று எல்லாரும் பயமுறுத்துகிறார்கள். சார் நல்லவர் என்று கேள்விப்பட்டு வந்திருக்கிறார்.

சார் அவரை உட்காரச் சொன்னார். தானும் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அம்மா, உங்க எதிர்த்தரப்பு எங்ககிட்ட வந்துட்டுப் போயிருக்காங்க. அதனால உங்க கேஸ நான் எடுக்கக் கூடாது. ஒரு வார்த்தகூடச் சொல்லக் கூடாது. இன்னைக்கே வேற வக்கீலப் பாருங்க. மங்கலம்பேட்டை ஷாகிரா நல்லா செய்வாங்க.”

செல்வராணிக்குப் புரியவில்லை. துரத்தப்பட்டதாகத்தான் நினைத்தார். “சரிங்க சார். போயிட்டு வரேன்” என்று எழுந்துவிட்டார்.

நான் கோர்ட்டுக்குப் போகிற சாக்கில் கட்டோடு பின்னாலேயே இறங்கினேன். கேட்டருகே நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

“எங்கப்பா இருந்தா எதையாவது சொல்லுவாரு. அவரும் போயிட்டாரு, அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. எந்த ஆபீஸுல போயி எந்தப் பேப்பரக் கேக்கறதுன்னே தெரியலக்கா. அத மட்டுமாவது சொல்லுங்களேன்” என்றார்.

நான் கோர்ட்டுப் பக்கம் பத்தடி நடந்தேன். கோர்ட் மணி அடித்தது. திரும்பி வந்தேன்.

“உங்க வூட்டுப் பத்திரம் இருக்குதா?”

“இருக்குது. ட்ரங்குப் பெட்டியில.”

“அத முழுசா படிச்சிருக்கீங்களா?”

“கையெழுத்துப் போட்டதோட சரி.”

“போயி மூணாவது பக்கத்தப் படிங்க. படிச்சிட்டு நேரா ஷாகிராகிட்ட எடுத்துட்டுப் போங்க. இன்னைக்கே.”

அவ்வளவுதான் சொன்னேன். அது போதும் என்று எனக்குத் தெரியும். அது செய்யக் கூடாதது என்றும் தெரியும். இளம் பிள்ளைகள் இதைப் படிப்பதால் தெளிவாகவே எழுதுகிறேன்: தெரியாமல் வாய் தவறிச் சொன்னது இல்லை.

மறுநாள் ஆபீஸ் திறந்ததும் சாரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். ஒரு வார்த்தையும் விடாமல் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். “நானும் ராத்திரி பூரா அந்தப் பொண்ணப் பத்தித்தான் நெனச்சிட்டிருந்தேன்” என்றார். “ஆனா நான் சொல்லல. நீ சொல்லிட்டே. இத வேலாயுதத்துக்குத் தெரியப்படுத்தணும்.”

“தெரியும் சார்.”

என் எதிரிலேயே போன் போட்டார். “என் குமாஸ்தா உங்க விஷயத்த எதிர்த்தரப்புகிட்ட ஒரு பகுதி சொல்லிட்டாங்க. தப்பு எங்க பக்கம்” என்றார். அரை மணியில் வேலாயுதம் வந்து நின்றார்.

“ஏம்மா, யாரு சோத்தத் துன்னுட்டு யாருக்கு வேல பார்க்குற?”

நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். “நான் சொன்னது தப்புதாங்க. உங்ககிட்ட அதுக்கு மன்னிப்புக் கேட்டுக்கறேன்” என்றேன். “ஆனா அவங்க அகதி இல்லன்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சே பண்றீங்க.”

“இவள இப்பவே அனுப்புங்க சார்” என்று அவர் கத்தினார்.

சார் என் பக்கம் திரும்பினார். நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னார். தந்தேன். “இன்னையிலேந்து ரெண்டு மாசம் நீ ஆபீஸுக்கு வரக் கூடாது. சம்பளம் கிடையாது. அப்புறம் வா” என்றார். வேலாயுதத்துக்கு அது போதவில்லை. எனக்கு அநியாயமாகவும் படவில்லை. சாவிக்கொத்தை மேசைமேல் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

பரிசீலனை அன்று நகராட்சி வாசலில் போய் நின்றேன். வேலை இல்லாதவளை யார் என்ன கேட்கப்போகிறார்கள்? வேட்பாளரோடு இரண்டொருவரைத்தான் உள்ளே விடுவார்கள். செல்வராணியோடு ஷாகிராவும், வெள்ளைச் சேலையில் அவர் அம்மா பார்வதியம்மாவும் போனார்கள். உள்ளே நடந்ததை ஷாகிரா பிற்பாடு எனக்குச் சொன்னார்.

வேலாயுதத்தின் புது வக்கீல் மாற்றுச் சான்றிதழை வைத்து, நாடு சிலோன் என்று வாசித்தார். ஷாகிரா வீட்டுப் பத்திரத்தை வைத்தார். அதிலிருந்த கோப்பு எண்ணைப் பிடித்து முந்தின நாளே தாலுகா ஆபீஸில் நகல் வாங்கியிருந்தார்; இரண்டு நாள் முன்பு நான் தேடி எடுத்த கோப்பு என்பதால் மேலேயே இருந்திருக்கிறது. அதையும் வைத்தார். தேர்தல் அதிகாரி நிதானமானவர். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார்.

“அட்டையில செல்வராணின்னு இருக்குது. சர்டிபிகேட்டுல ராணின்னு இருக்குது. அட்டையில இருக்கிற குழந்தை இவங்கதான்னு எப்படி எடுத்துக்கறது?” என்று எதிர்வக்கீல் கேட்டிருக்கிறார்.

யாரும் பேசுமுன் பார்வதியம்மா எழுந்திருக்கிறார். அதிகாரியின் மேசைவரை போய், நகலில் இருந்த கைநாட்டின்மேல் விரலை வைத்திருக்கிறார்.

“இது எங்கைநாட்டு ஐயா. இந்தப் புள்ளய இடுப்புல வச்சிக்கிட்டுத்தான் வச்சேன். கப்பல்ல வாந்தி எடுத்து, காய்ச்சலா கெடந்துச்சு. எறக்கி விட்டா அழுவும். ஒரு கையில புள்ள, ஒரு கையில மை. எனக்கு வேற புள்ள இல்ல.”

அதிகாரி கொஞ்ச நேரம் எழுதினார். எழுதியதைச் சத்தமாக வாசித்தார். ஆட்சேபனை நிராகரிக்கப்பட்டது, செல்வராணியின் மனு ஏற்கப்பட்டது.

வாசலில் இறங்கி வந்தபோது செல்வராணி என்னைப் பார்த்தார். நான் சும்மா தலையை அசைத்துவிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தேன். பேசியிருந்தால் இன்னொரு வம்பு.

தேர்தலில் அவர் ஜெயிக்கவில்லை. வேலாயுதம்தான் ஜெயித்தார். எண்ணிக்கைக்கு மறுநாள், ஷிஃப்டு முடிந்ததும் செல்வராணி என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். என் கணவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். தோற்றவருக்கு என்ன ஆறுதல் சொல்வது என்று நான் தடுமாறிக்கொண்டிருந்தேன். அவர் பரிசீலனைக்கு முன்பிருந்ததைவிடத் தெளிவாக இருந்தார்.

“என்னாலதான உங்க வேல போச்சு?” என்றார்.

“போவல. ரெண்டு மாசம் வூட்டுல இருக்கச் சொல்லியிருக்காங்க. நான் செஞ்சதுக்கு அது சரிதான்.”

“திரும்பவும் இந்த மாதிரி ஒருத்தி வந்து நின்னா?”

பொய் சொல்ல மனம் வரவில்லை. “சொல்லுவேன். சொல்லிட்டு, மறுநாள் போயி சார்கிட்டயும் சொல்லுவேன்” என்றேன்.

அவர் தலையாட்டினார். “அடுத்த தடவையும் நிக்கறேங்க்கா. மனு எழுதறப்ப நீங்க வந்து ஒக்காரணும்.”

“அது முடியாது. வேலாயுதம் எங்க ஆபீஸு கட்சிக்காரரா இருந்தவரு.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான். சிரித்து முடித்ததும், தோற்றது வருத்தமாக இல்லையா என்று கேட்டேன்.

“இல்லாம இருக்குமா? ஓட்டுப் போட்டவங்க மொகத்தப் பார்க்க முடியல” என்றார். எழுந்து, கையிடுக்கில் ஒட்டியிருந்த களிமண்ணை நகத்தால் சுரண்டிக்கொண்டே வாசலில் செருப்பை மாட்டினார். “ஆனா, தோக்கறதுக்காவது உள்ள விட்டாங்களேக்கா.”